ஓடைக்கு அந்தப் பக்கம்

டிசம்பர் 9, செவ்வாய்

கார்த்திகை முடியப் போகிறது, ஃபேன் ஓடுகிறது. லேபில் இன்று ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "என்னம்மா இது, பனியவே காணோம்?" நான் என்ன பண்ண? பனியை நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இளையரசனேந்தல் பக்கம் எங்கள் காட்டுக்குப் போனேன். காடு என்றால் மரம் கிடையாது. அப்பா விட்டுப்போன கரிசல் நிலம். மூன்று வருடமாகத் தரிசு, வெறும் புல். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் சாயங்காலம் வந்து அந்தப் புல்லுக்குள் தரையிலேயே படுத்துத் தூங்கும். மரத்தில் தூங்காத பருந்து! முதல்முறை பார்த்தபோது அடிபட்டு விழுகின்றன என்று பதறி ஓடினேன். போன வருடம் இதே வாரத்தில் முதல் ஆண் வந்துவிட்டது. சாம்பல் உடம்பு, சிறகு நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி.

இன்று ஒன்றும் இல்லை. இருட்டும்வரை நின்றேன். கொசுக்கடிதான் மிச்சம்.

டிசம்பர் 10

இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தம்பி மகாராஜன் போன் பண்ணினான். நலம் விசாரிக்கிறான் என்று பார்த்தால் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, சோலார் கம்பெனிக்காரர் மறுபடியும் வந்துட்டுப் போறாரு. என்ன சொல்ல?"

"பொங்கல் முடியட்டும்னு சொல்லு. பேச்சுன்னா பேச்சு."

"நான் மாறலக்கா. ஆனா ஒன் பிராந்து வரணும்லா?"

பருந்தைப் பிராந்து என்று சொல்லாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அந்தப் பேச்சை இங்கே எழுதி வைக்கிறேன், அப்படியாவது மனசு அடங்குகிறதா பார்ப்போம். நிலம் எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா. கம்பெனிக்கு ஓடையோரம் இன்னும் ஒரு துண்டு நிலம் வேண்டும், ஒன்றே ஒன்று. எங்களுடையது ரோட்டை ஒட்டி இருப்பதால் முதலில் எங்களிடம் வந்தார்கள். நீண்ட காலக் குத்தகை. வருகிற பணத்தில் மகள் இசக்கிசெல்வியை நர்சிங் சேர்க்கலாம் என்பது தம்பியின் கணக்கு. என் கையெழுத்து இல்லாமல் நடக்காது. நான் மாட்டேன் என்றேன். அவன் கத்தினான், நான் அதற்கு மேல் கத்தினேன், நடுவில் அவன் பெண்டாட்டி முருகம்மாள் அழுதாள். கடைசியில் அது ஒரு பந்தயமாக முடிந்தது. பொங்கலுக்குள் பறவைகள் எங்கள் காட்டில் வந்து தங்கினால் அவன் சோலார் பேச்சையே எடுக்க மாட்டான். தங்காவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏன் ஒத்துக்கொண்டேன்? வருடா வருடம் வருவது, வராமல் எங்கே போய்விடும் என்ற திமிர். வேறென்ன.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. கோவில் ஸ்பீக்கர் பாட்டுக்கு எழுந்தேன். போர்வை காலடியில் சுருண்டு கிடந்தது, யாரும் அதைத் தேடவில்லை.

என் வீட்டுக்காரர் சங்கரசுப்பு காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஏட்டி, ஒன் பருந்துக்கு விசா கிடைக்கலையோ?" என்றார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிற மனுஷன். ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வரும். பக்கத்து வீட்டு மாடியில் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இட்லியை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஆபிதா பானுவைக் கூப்பிட்டேன். புளியங்குடியில் கல்லூரி ஆசிரியை. இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னைத் தவிர பைனாகுலர் வைத்திருக்கும் ஒரே பெண்பிள்ளை. "குளத்துல வாத்தும் பாதிதான் சித்ரா. வடக்கயே இந்த வருஷம் சரியான குளிர் இல்லையாம். அங்கனயே சௌகரியமா இருந்தா அதுக ஏன் இவ்வளவு தூரம் பறந்து வரணும், சொல்லு?" என்றாள். நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டிசம்பர் 21, ஞாயிறு

நல்லகண்ணு அண்ணாச்சியோடு சண்டை.

ஓடைக்கு அந்தப் பக்க நிலம் அவருடையது. ஆடு வைத்திருக்கிறார். போன வருடம் வரை அவருடைய ஆட்டுக்கிடை எங்கள் காட்டில்தான் கிடக்கும். ராத்திரி ஆடுகளை அங்கே அடைப்பார், நிலத்துக்கு எரு ஆகும். அப்பா காலத்திலிருந்து உள்ள வழக்கம். போன தை மாதம் ஒருநாள் அவருடைய நாய் பாய்ந்து, அப்போதுதான் இறங்கிய பறவைகள் எல்லாம் கலைந்து போயின. அன்றைக்கே முடிவு செய்தேன். புரட்டாசியில் தம்பியிடம் சொல்லி, இந்த வருடம் எங்கள் காட்டில் கிடையும் கூடாது, மேய்ச்சலும் கூடாது என்று நிறுத்திவிட்டேன். புல் தொந்தரவில்லாமல் வளரட்டும், பறவைகள் நிம்மதியாக இறங்கட்டும்.

இன்று அவருடைய நாலு ஆடு ஓடையைத் தாண்டி வந்து மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பில் நின்றே சத்தம் போட்டு விரட்டினேன். அவர் வந்துவிட்டார்.

"வாயில்லாச் சீவன் ரெண்டு வாய் கடிச்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"சொல்லியாச்சுல்லா அண்ணாச்சி. பறவை வந்து தங்குத எடம்."

"எங்க தங்குது? நானும் பாக்கேன், நீதான் வந்து வந்து தங்குத."

 உண்மைதானே.

டிசம்பர் 25, வியாழன்

மழை. மார்கழியில் இப்படி ஒரு மழை! மற்ற வருடம் இந்நேரம் காய்ந்து சாய்ந்திருக்கும் புல், பச்சைப் பசேல் என்று நிமிர்ந்து நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்க்க நெல் வயல் மாதிரி அழகு. இப்படி ஒரு மெத்தையைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், ஒரு சனியனும் வரவில்லை.

பறவையைச் சனியன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

டிசம்பர் 31

இல்லை. இல்லை. இல்லை.

ஜனவரி 4, ஞாயிறு

மானம் போயிற்று.

சாயங்காலம் கிழக்கிலிருந்து ஒன்று வந்தது. வெளுத்த சாம்பல். புல்லுக்கு மேல் தாழ்வாக வந்து, அந்தரத்தில் நின்றது.  பைனாகுலரை எடுக்கும் முன்னாடியே தம்பிக்குப் போன் போட்டேன். "வந்துட்டுலே! வந்துட்டு!" என்று கூப்பாடு. அவனும் போட்டது போட்டபடி பைக்கில் வந்துவிட்டான். வந்து பார்த்தால் அது கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. தோளில் கறுப்பு. கருந்தோள் பருந்து. வருடம் முழுக்க இங்கேயே கம்பி கம்பியாக உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பறவை. பத்து வருடமாகப் பார்க்கிறேன், சின்னப்பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லாது.

"இதுவாக்கா?" என்றான்.

"இல்லலே. இது வேற."

அவன் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. பாவமாகப் பார்த்தான்.

ஜனவரி 8

லேபில் ஒரு ஸ்லைடையே இரண்டு தடவை பார்த்தேன். டாக்டர் கவனித்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்புக்கு என்ன கேடு.

ஜனவரி 11, ஞாயிறு

வந்துவிட்டன.

இதை எழுத எனக்கு இப்போது எவ்வளவு சந்தோஷம் இருக்க வேண்டும்.

தம்பி இன்று தானாகவே வந்திருந்தான். பொங்கலுக்கு முந்தின கடைசி ஞாயிறு, கூட ஒரு நாள் நிற்கிறேனே என்றான். பொழுது சாயும் நேரம் ஒன்று வந்தது. பழுப்புப் பெண். பின்னாலேயே ஒரு சாம்பல் ஆண். அப்புறம் மூன்று, அப்புறம் எண்ணவில்லை. சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் புல்லுக்கு மேல் சுற்றிச் சுற்றி, தாழ்ந்து தாழ்ந்து... இந்தத் தடவை பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவனிடம் கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டு பார்த்தான்.

"எக்கா! மூஞ்சி ஆந்த மாதிரில்லா இருக்கு!" என்றான்.  பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தான். "சரிக்கா. நீ ஜெயிச்சிட்ட. கம்பெனிக்காரருக்கு நாளைக்கே சொல்லிருதேன்." பொங்கல் சாமான் வாங்க முருகம்மாள் கடையில் காத்திருக்கிறாள் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகும் அவை சுற்றின. இறங்கவில்லை. ஒன்று காலை நீட்டிக்கொண்டு எங்கள் புல்லுக்குள் போனது, போன வேகத்தில் மேலே வந்தது. இன்னொன்றும் அப்படியே. பிறகு ஒவ்வொன்றாக ஓடையைத் தாண்டின. நல்லகண்ணு அண்ணாச்சி காட்டில் இறங்கின. எல்லாமே. ஒன்றுகூட எங்கள் பக்கம் இல்லை.

தம்பி பைக் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம்.

ஜனவரி 12, திங்கள்

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் புல்லுக்குள் இறங்கினேன். இந்த வருடம் நான் உள்ளே கால் வைப்பதே இதுதான் முதல் தடவை, பறவைக்குத் தொந்தரவாம்! புல் என் இடுப்புக்கு வருகிறது. அடியில் ஈரம். நடுநடுவே சீமைக்கருவேலங் கன்றுகள் முள்ளோடு. இதற்குள் அவ்வளவு நீளச் சிறகை வைத்துக்கொண்டு ஒரு பறவை எப்படி இறங்கும்? நரி வந்தால் எப்படி எழும்பும்?

ஓடையைத் தாண்டிப் போனேன். அங்கே ஆடு மேய்ந்த புல், முழங்காலுக்குக் கீழே. கிடையை அண்ணாச்சி வேலியோர மூலைக்கு மாற்றிவிட்டார். மிச்சக் காடு சும்மா கிடக்கிறது. புல்லுக்குள் பறவைகள் படுத்த தடம், வட்ட வட்டமாக. பக்கத்திலேயே அவை கக்கிய உருண்டைகள். பிய்த்துப் பார்த்தேன், எலி மயிரும் வெட்டுக்கிளிக் காலும். சில உருண்டைகள் பழசு. அப்படியானால் பல நாளாக இங்கே வந்துகொண்டிருக்கின்றன. நான் ரோட்டோரம் எங்கள் புல்லையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவை அந்தப் பக்கமாகவே தாழப் பறந்து வந்து இறங்கியிருக்கும், இந்த உயரப் புல்தான் மறைத்திருக்கிறது.

மற்ற வருடம் ஆடு மேய்ந்து குறைக்கும், மிச்சத்தைப் பனி காய வைக்கும். இந்த வருடம் பனி இல்லை. ஆட்டையும் நான் விரட்டிவிட்டேன். அவற்றுக்கு மெத்தை விரிக்கிறேன் என்று நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தம்பியிடம் சொல்லவில்லை. நாளைக்கு.

ஜனவரி 13

சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

தம்பி வீட்டில் பொங்கல். வாசலில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க அக்கா சொன்னா சொன்னதுதான்வே. கசகஸ்தான்லேருந்து நம்ம காட்டுக்கு வருது, தெரியுமா?" என்று கரும்பை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டானாம். அவர் இரண்டு முறை கேட்டாராம், இவன் அசையவில்லையாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னான்.

இசக்கிசெல்வி எனக்கு இலை போட்டாள். நர்சிங் என்னாச்சு என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவளே, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அப்பா சொல்லிட்டாவ அத்த" என்றாள். பொங்கல் நல்லா இருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கினேன்.

பறவைகள் எங்கள் காட்டின் மேல் சுற்றின. அதைத் தம்பி கண்ணால் பார்த்தான். நான் பொய் எதுவும் சொல்லவில்லையே?

சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

ஜனவரி 17

அடுத்த புரட்டாசியில் நல்லகண்ணு அண்ணாச்சியை மறுபடி எங்கள் காட்டில் கிடை போடச் சொன்னால் போதும். புல் குறையும், அவை இங்கேயே இறங்கும், எல்லாம் உண்மையாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. இதை நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.  ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. களைந்து வைத்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நல்லகண்ணு அண்ணாச்சி காட்டில் கம்பெனிக்காரர் நிற்கிறார். டேப்பைப் பிடித்து இரண்டு பேர் அளக்கிறார்கள். பறவை படுத்த அதே இடத்தில்.

வண்டியை நிறுத்தியதும் அண்ணாச்சியே வந்தார். புது வேட்டி. பழைய கோபமெல்லாம் போய்விட்டது, முகம் பூராவும் சிரிப்பு. "ஒன் தம்பி வேண்டாம்னதால எனக்கு அடிச்சுது தாயி யோகம். மழைய நம்பி எத்தன வருஷந்தான் கெடக்க? ஆட்ட வித்துட்டு மகன்கூடப் போய்ச் செவனேன்னு இருக்கப் போறேன்."

சரி அண்ணாச்சி, நல்லது அண்ணாச்சி என்றேன். வண்டியை எங்கே ஓட்டினேன் என்றே தெரியவில்லை, குருவிகுளம் தாண்டித்தான் புத்தி வந்தது.

நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதுவா? எங்கள் காட்டைக் காப்பாற்றினேன், அதில் பறவை இல்லை. பறவை இருக்கிற காடு போகிறது. ஆடும் போகிறது. அடுத்த புரட்டாசியில் யார் வந்து எங்கள் புல்லை மேய்ப்பார்கள்?

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்த ஒரு தடவை அவர் கத்தவில்லை. "கம்பெனிக்கு ஒரு துண்டுதானே வேணும்? ஒங்க காட்டக் குடுத்துட்டா அங்கன போக மாட்டான்லா?" என்றார்.

அது எனக்குத் தெரியும். அளவு டேப்பைப் பார்த்த உடனேயே தெரியும்.

ஜனவரி 22, வியாழன்

தம்பி சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டு எதிர் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன். நீ போனதுக்கப்புறம் அவை நம்ம காட்டில் இறங்கவில்லை, ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இறங்கின, தினமும் அங்கேதான், பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன்.

டீயைக் கீழே வைத்தான்.

"பொங்கலன்னைக்கு ஊரு பூரா சொன்னேனேக்கா."

"தப்புதாம்லே."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது? இப்ப ஏன் சொல்லுத?"

அண்ணாச்சி காட்டை அளந்ததைச் சொன்னேன். அந்த இடமும் போய்விட்டால் அவை தங்க வேறு இடமில்லை என்றேன்.

"ஓ," என்றான்.  "அப்ப பறவைக்காகத்தான் சொல்லுத. எனக்காக இல்ல. எம் பிள்ள படிப்பு நின்னப்ப ஒனக்கு வாய் வரல."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.  அவன் சொன்னதில் எந்த வார்த்தையை இல்லை என்று சொல்ல? பஸ் வந்தது, ஏறிவிட்டான். வழக்கமாக ஜன்னல் வழியே கை காட்டுவான்.

ஜனவரி 23

வேலைக்குப் போகவில்லை. அழுதேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

கையெழுத்துப் போட்டாயிற்று. பத்திர ஆபீசில் தம்பி எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கேட்டதற்கு மட்டும் பதில். கம்பெனிக்காரருக்கு ரோட்டோர நிலமே கிடைத்ததில் வாயெல்லாம் பல். இசக்கிசெல்வியைச் சேர்க்கும் காலேஜுக்கு நான் வருகிறேன் என்றேன். "முருகம்மா போவா," என்றான்.

சாயங்காலம் நல்லகண்ணு அண்ணாச்சி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். தெருவே பார்த்தது.

"எனக்கு வந்த சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! அக்காளும் தம்பியும் வேண்டாம்பிய, வேணும்பிய, நடுவுல நான் என்ன கேணப்பயலா?"

உட்காருங்கள் அண்ணாச்சி, காப்பி குடியுங்கள் என்றேன். "ஒன் காப்பி யாருக்கு வேணும்," என்று போனார். அவர் வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது. பறவைக்காக ஒரு மனுஷன் வயிற்றில் அடித்திருக்கிறேன். பானுவிடம் சொன்னேன். அவளும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, "ம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் காட்டில் புல் இல்லை. வழித்துத் தள்ளிவிட்டார்கள். இரும்புக் கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கிறார்கள், சுற்றிலும் கம்பி வேலி. அப்பா நிலத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு ஓடைக்கரை வழியாக நடந்தேன்.

நல்லகண்ணு அண்ணாச்சி ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தார். அவற்றை விற்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"அடுத்த வருஷமும் இங்கன கிடை உண்டுல்லா அண்ணாச்சி?"

"அன்னைக்கு ஒங் காட்டுல ஆடு வரக் கூடாதுன்ன. இன்னைக்கு எங் காட்டுல ஆடு வேணும்ங்குத. ஆடு என்ன, ஒன் லேபு ஊசியா, நீ சொல்லுத எடத்துல போட?"

 நாய்க்குட்டி ஒன்று என் செருப்பைக் கடித்தது. அவர் அதைக் கூப்பிட்டுக் கட்டிப் போட்டார். எனக்காகவா, பறவைக்காகவா, செருப்புக்காகவா, கேட்கவில்லை.

பொழுது இறங்கும்போது வந்தன. முதல் ஆண் கம்பங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடையைத் தாண்டியது. பின்னாலேயே மற்றவை. எல்லாம் இறங்கின. அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மத்தியானம் மகாராஜன் போன் பண்ணினான். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு இன்றுதான்.

"அக்கா, கம்பி வேலிப் பக்கம் வந்தேன். ஒன் பிராந்து ஒண்ணு கம்பத்து மேல இருக்கு. வெள்ளையா. நம்ம காட்டுலதான், ஓடைக்கு இந்தப் பக்கம். நல்லா நின்னு பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"தோள்ல கறுப்பு இருக்கா?"

"இரி... ஆமா, இருக்கு."

சரி என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை. அவன் குரல் அப்படி இருந்தது.

"அது இல்லலே ராசா. அது நம்ம ஊருப் பருந்து. அன்னைக்கு நான் ஏமாந்தேன்லா, அதே."

போனை வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"சரி," என்றான். "அப்ப நாளைக்கும் வந்து பாக்கேன்."